அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு

வெளியூருக்குச் சரக்கு ஏற்றினால் லாரி ரசீதை வாங்கி வைத்துக் கொள்கிறோம். சரக்கு இறங்கிய பிறகு, பெற்றுக் கொண்டவரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் திரும்பி வந்தால்தான் அந்தக் கணக்கு முடிந்ததாகக் கணக்குப்பிள்ளை ஒப்புக் கொள்வார். இது நம் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் ஒழுங்கு. சரக்குக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை நாம் காகிதத்துக்குக் காட்டுகிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பில், ஆர்டர், விலை மாற்றக் கடிதம், நிலுவைப் பட்டியல் இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரே தானாக அனுப்பிவிடும் காலம் இது. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘கம்ப்யூட்டர் அனுப்பிவிட்டது’ என்பதையே ‘அவருக்குக் கிடைத்துவிட்டது’ என்று எடுத்துக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. இந்தப் பழக்கம் ஆபத்தானது. பேக்ஸ் அனுப்பும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்த நாளிலேயே இந்தச் சிக்கல் ஆரம்பித்துவிட்டது. ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

மிஷின் பக்கத்தில் நின்ற குமாஸ்தா

இன்று நாம் அறிந்த பேக்ஸ் முறைக்கு 1980-ஆம் ஆண்டில் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டது. ‘குரூப் 3’ என்று அதற்குப் பெயர். எந்தக் கம்பெனி மிஷினும் எந்தக் கம்பெனி மிஷினோடும் பேசலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் போய்விடும். 1990-களில் நம் ஊர்க் கடைவீதிகளிலும் எஸ்.டி.டி. பூத்துகளிலும் பேக்ஸ் மிஷின் வந்து உட்கார்ந்தபோது வியாபாரிகள் அதை விரும்பியதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. கையெழுத்தும் முத்திரையும் அப்படியே அடுத்த ஊரில் தெரிந்தன. அனுப்பி முடித்ததும் எண், நேரம், பக்கங்கள், ‘ஓகே’ என்ற குறிப்போடு ஒரு துண்டுச் சீட்டும் கிடைத்தது. தபாலில் ரெஜிஸ்டர் செய்தால் வரும் ஒப்புதல் அட்டை, பேக்ஸில் அப்போதே கைக்கு வந்துவிட்டதாக நாம் எண்ணினோம்.

அந்த மிஷின் பக்கத்தில் நின்ற குமாஸ்தா உண்மையில் மூன்று வேலைகளைச் செய்தார். முதலாவது, எண்ணைச் சுழற்றிக் காகிதத்தை உள்ளே விட்டார். இரண்டாவது, லைன் கிடைத்ததா, காகிதம் முழுவதும் போயிற்றா என்று காதாலும் கண்ணாலும் கவனித்தார். மூன்றாவது, போனை எடுத்து, “அண்ணாச்சி, பேக்ஸ் வந்துச்சா? எழுத்து தெளிவா இருக்கா?” என்று கேட்டார். இந்த மூன்றாவது வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சம்பளக் கணக்கிலும் அது தனியாக ஏறவில்லை. ஆனால் வியாபாரத்தைக் காப்பாற்றியது அதுதான்.

சர்வர் வந்த பிறகு

நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு காகிதங்கள் அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கு இந்த முறை கட்டுப்படியாகவில்லை. எனவே அந்த வேலையைச் சர்வர் என்னும் மையக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தில் இருந்த சாம் லெஃப்லர் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய மென்பொருள் முதலில் ஃபிளெக்ஸ்ஃபேக்ஸ் என்றும் பின்னர் ஹைலாஃபேக்ஸ் என்றும் பெயர் பெற்றது. அதை யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். விலைக்கு வந்தவற்றில் ரைட்ஃபேக்ஸ் பெயர் பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தன் சர்வர் மென்பொருளிலேயே பேக்ஸ் அனுப்பும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தது.

வேலை நடக்கும் விதம் எளியதுதான். கணக்கு மென்பொருளில் பில் போட்டதும் அது பிரிண்டருக்குப் போவது போலவே சர்வருக்குப் போகும். சர்வர் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி வரிசையில் வைக்கும். வாடிக்கையாளர் பதிவேட்டில் உள்ள எண்ணை எடுத்து மோடம் வழியாக டயல் செய்யும். லைன் பிசியாக இருந்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். இத்தனை தடவை முயன்றும் கிடைக்காவிட்டால் ‘தோல்வி’ என்று குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மதியம் முழுவதும் மிஷின் முன்னால் நின்ற ஆளுக்கு வேறு வேலை கொடுக்க முடிந்தது. கையால் எண் சுழற்றும்போது வரும் தவறும் குறைந்தது.

லாபத்தை ஒப்புக் கொள்வோம். ஆனால் குமாஸ்தாவின் மூன்று வேலைகளில் முதலிரண்டைத்தான் சர்வர் எடுத்துக் கொண்டது. மூன்றாவது வேலையை அது செய்யவில்லை. அதைச் செய்து வந்த ஆளும் அங்கே இல்லை. ‘தோல்வி’ என்று சர்வர் குறித்து வைத்த பட்டியலை மாலையில் யார் பார்ப்பது என்பது பல இடங்களில் யாருக்கும் ஒப்படைக்கப்படாத வேலையாகவே நின்றது.

‘ஓகே’ என்றால் என்ன?

பேக்ஸ் மிஷின்கள் தமக்குள் பேசிக் கொள்ளும் முறையில் ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் எதிர் மிஷின் ‘பெற்றுக் கொண்டேன்’ என்று ஒரு குறியொலி அனுப்பும். அதைக் கேட்ட பிறகே நம் மிஷின் ‘ஓகே’ என்று அச்சிடும். இது பேக்ஸின் பெரிய பலம். இருந்தாலும் அந்த ஓகேக்கு ஓர் எல்லை உண்டு. எதிர் மிஷினில் பேப்பர் தீர்ந்திருந்தால் பக்கம் மெமரியில் நிற்கும், ஓகே வந்துவிடும். கரண்ட் போய் மெமரி அழிந்தால் பக்கமும் அதோடு போய்விடலாம். டோனர் தீர்ந்து வெள்ளைத்தாளாக வெளியே வந்தாலும் ஓகேதான்.

இந்த விஷயம் ஜெர்மனியில் நீதிமன்றம் வரை போயிற்று. துண்டுச் சீட்டில் ஓகே என்று இருப்பது இரண்டு மிஷின்களுக்கிடையே இணைப்பு ஏற்பட்டதைத்தான் காட்டும்; காகிதம் போய்ச் சேர்ந்ததற்கு அது மட்டுமே போதிய சாட்சி ஆகாது என்று அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்புக் கூறியது. அதற்காக அந்தச் சீட்டு வெறும் குப்பை என்றும் சொல்லவில்லை. ஓகே இருக்கும்போது, ‘எனக்கு வரவில்லை’ என்று மறுப்பவர் வெறுமனே மறுத்தால் போதாது, தன் மிஷினில் என்ன பதிவாகியிருந்தது என்று விளக்க வேண்டும் என்று 2014-இல் அதே நீதிமன்றம் கூறியது. சீட்டு ஒரு துணைச் சாட்சி. முழுச் சாட்சி அல்ல. நம்முடைய நடைமுறைக்கும் இது நல்ல அளவுகோல் என்று கருதுகிறோம்.

தவறான எண்ணுக்கும் ஓகே வரும்

கனடாவின் சி.ஐ.பி.சி. வங்கியின் கிளைகளிலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய பேக்ஸ்கள், 2001 முதல் 2004 வரை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பழைய இரும்புக்கடை நடத்தியவரின் மிஷினுக்குப் போய்க் கொண்டிருந்தன. இது வெளியே தெரிந்து, அந்நாட்டின் தனியுரிமை ஆணையர் விசாரித்து 2005-இல் அறிக்கை கொடுத்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அனுப்பிய மிஷினைப் பொறுத்தவரை அவை ஒழுங்காகப் போன பேக்ஸ்கள்தான். எதிர்முனையில் ஒரு மிஷின் எடுத்தது, வாங்கிக் கொண்டது, அவ்வளவே. யார் வாங்கினார் என்பது மிஷினுக்குத் தெரியாது.

கையால் அனுப்பும்போது எண் தவறினால் ஒரு காகிதம்தான் கெடும். பதிவேட்டில் எண் தவறாக ஏறிவிட்டாலோ, அந்த வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு காகிதமும் தவறான இடத்துக்கே போகும். யாராவது கேட்கும் வரை போய்க் கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் நம் சரியை ஆயிரமாகப் பெருக்குவது போலவே நம் தவறையும் பெருக்கிக் கொடுக்கும்.

இரட்டிப்பாகப் போவதும் உண்டு. மூன்று பக்க ஆர்டரில் இரண்டு பக்கம் போனபின் லைன் அறுந்தால், சர்வர் மறுபடி அனுப்பும். பெறுகிறவர் முதலில் வந்த இரண்டு பக்கத்தை ஓர் ஆர்டராகவும், பிறகு வந்ததை இன்னொரு ஆர்டராகவும் எடுத்துக் கொண்டால், ஐம்பது மூட்டை கேட்ட இடத்துக்கு நூறு மூட்டை வந்து இறங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆர்டர் எண்ணும், ‘3-இல் 1’, ‘3-இல் 2’ என்ற பக்கக் குறிப்பும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது பேக்ஸ் எங்கே இருக்கிறது என்கிறீர்களா?

நம் கடைவீதியில் பேக்ஸ் மிஷினைக் காண்பது அரிதாகிவிட்டது, உண்மை. வெளிநாட்டு வியாபாரம் செய்வோர் மட்டும் இன்னும் அதை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானில் அரசு அலுவலகங்களிலிருந்து பேக்ஸை ஒழிக்க 2021-இல் எடுத்த முயற்சிக்கு உள்ளிருந்தே பலத்த எதிர்ப்பு வந்தது. அமெரிக்க மருத்துவத் துறையில் இன்றும் பேக்ஸ் ஓடுகிறது. இங்கிலாந்திலோ அரசு மருத்துவ சேவை 2019 ஜனவரி முதல் புதிய பேக்ஸ் மிஷின் வாங்குவதையே தடை செய்தது. ஆக, நாட்டுக்கு நாடு நிலைமை வேறு.

சர்வர் வழியாகப் பேக்ஸ் அனுப்பும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய செம்புக் கம்பி லைனுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை லைன் வந்த இடங்களில், போன் பேச்சு இண்டர்நெட் வழியாகத்தான் போகிறது. குரலுக்கு அது போதும். பேக்ஸ் ஒலிக்குப் போதாமல் பாதியில் அறுந்து போகும். இதற்கென்றே 1998-இல் டி.38 என்ற தரம் வந்தது. புது லைனில் அந்த வசதி உண்டா என்று கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே பழைய லைனைத் திருப்பிக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு, பேக்ஸ் இருந்த இடத்தில் இன்று இ-மெயிலும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. பில் போட்டவுடன் மென்பொருளே பார்ட்டிக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் பேக்ஸில் இருந்த உறுதிகூட இதில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இ-மெயிலில் ‘அனுப்பப்பட்டது’ என்றால் அடுத்த சர்வர் வாங்கிக் கொண்டது என்றுதான் பொருள். அங்கிருந்து அது குப்பை மெயில் பெட்டிக்குப் போகலாம். முகவரி தவறாக இருந்து திரும்பி வந்தாலோ, ‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற பெயரில் உள்ள, யாருமே திறந்து பார்க்காத பெட்டியில் போய் விழும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் நம்மிடமிருந்து போனது, இரண்டு டிக் என்றால் அவர் போனில் இறங்கியது, நீல டிக் என்றால் திறந்து பார்த்தது. நீல டிக் தெரியாதபடி அவர் வைத்துக் கொள்ளவும் முடியும். இரண்டு டிக் வந்தது வேலையை விட்டுப் போன குமாஸ்தாவின் போனாக இருந்தால் அதனால் பயன் என்ன?

“பில் எப்படியும் ஜி.எஸ்.டி.யில் தெரிந்துவிடுகிறதே, பிறகென்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். பதிவு பெற்ற வியாபாரிக்கு நாம் போட்ட பில் நம் கணக்குத் தாக்கலுக்குப் பின் அவருடைய 2பி அறிக்கையில் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆர்டர், ஆர்டர் ரத்து, விலை ஏற்றக் கடிதம், சரக்கில் குறை என்ற புகார், ‘இனி இத்தனை நாள்தான் கடன்’ என்ற அறிவிப்பு இவையெல்லாம் எந்த 2பி-யில் தெரியும்? சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான். ஈரோட்டிலிருந்து மஞ்சள் வாங்கும் ஒரு கடைக்காரர் திங்கட்கிழமை ஆர்டரை ரத்து செய்து கடிதம் அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். மண்டிக்காரர் செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றிவிடுகிறார். “அனுப்பினேன்” என்கிறார் ஒருவர். “வரவில்லை” என்கிறார் மற்றவர். இருவருமே உண்மை சொல்லலாம். இருபது வருஷப் பழக்கம் அன்றைக்கு முறியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12, 13-ஆம் பிரிவுகளை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்து கொள்வது நல்லது. ஒரு மின்னணுப் பதிவு, அனுப்பியவரின் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போனால் அது அனுப்பப்பட்ட நேரம். ‘எனக்கு இங்கே அனுப்புங்கள்’ என்று பெறுகிறவர் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த இடத்தில் போய்ச் சேர்ந்த நேரமே பெற்ற நேரம். குறித்த இடத்தை விட்டு அவருடைய வேறு இடத்துக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் பெற்ற நேரம். இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்று: ‘ஒப்புதல் வந்தால்தான் இது என்னைக் கட்டுப்படுத்தும்’ என்று அனுப்புகிறவர் நிபந்தனை போட்டிருந்தால், ஒப்புதல் வராத வரை அந்தப் பதிவு அனுப்பப்படவே இல்லை என்றே கருதப்படும். பெரிய தொகைக்கு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

அனுப்புவதும் பெறுவதும் இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் என்று சட்டமே பிரித்துச் சொல்லியிருக்கும்போது, நாம் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சரியா?

வழக்கு என்று வந்துவிட்டால் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த பிரிண்டைக் காட்டினால் மட்டும் போதாது. உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63-ஆவது பிரிவிலும் சான்றிதழ் தேவை உள்ளது. எனவே மூலப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பழைய பேக்ஸ் சுருள் தாளில் எழுத்து இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். குமாஸ்தாவின் போனில் மட்டும் கிடக்கும் வாட்ஸ்அப் செய்தியும் அந்தச் சுருள் தாள் மாதிரிதான்.

விளம்பரத்துக்கு அல்ல

தானாக அனுப்பும் வசதி கையில் வந்ததும் எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும் ஆசை வரும். அமெரிக்காவில் கேட்காத விளம்பரப் பேக்ஸ்களைத் தடுக்க 1991-லேயே சட்டம் போட்டார்கள். பெற்றவர் ஒரு பேக்ஸுக்கு 500 டாலர் கேட்டு வழக்குப் போடலாம். ஃபேக்ஸ்.காம் என்ற நிறுவனம் சர்வர் வைத்து ஊருக்கெல்லாம் விளம்பரம் அனுப்பி, 2004-இல் 53,79,000 டாலர் அபராதத்துக்கு ஆளானது. நம் வாடிக்கையாளர் பில்லுக்காகக் கொடுத்த எண்ணில் தினமும் காலையில் வாழ்த்துப் படமும் விளம்பரமும் போட்டால், அவர் நம் செய்தியைத் திறப்பதையே விட்டுவிடுவார். அடுத்த விலைக் கடிதமும் அந்தக் குவியலில் புதைந்து போகும்.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

முதலாவது, ஒவ்வொரு பார்ட்டியிடமிருந்தும் ‘காகிதங்கள் இந்த எண்ணுக்கு, இந்த முகவரிக்கு வரட்டும்’ என்று எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, புதுக்கணக்குப் போடும்போது, அதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, பதிவேட்டில் எண்ணை மாற்றும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். மாற்றியவுடன் ஒரு சோதனைக் காகிதம் அனுப்பி, போனில் கேட்டு உறுதி செய்யட்டும். நம் பெயரில் வேறு யாரோ வங்கிக் கணக்கு எண் மாற்றம் என்று அறிவிப்பு அனுப்பி மோசடி செய்வதையும் இந்தப் பழக்கம் தடுக்கும்.

மூன்றாவது, போகாமல் நின்றவற்றின் பட்டியலைத் தினமும் கடை அடைக்கும் முன் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கல்லாக் கணக்கை முடிக்காமல் கடை அடைப்பதில்லை அல்லவா? இதுவும் அப்படியே.

நான்காவது, எல்லாக் காகிதத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். தினசரி பில்லுக்கு மிஷினின் ஒப்புதலே போதும். ஆர்டர், ரத்து, விலை மாற்றம், குறை அறிவிப்பு இவற்றுக்கு மனிதரின் ஒப்புதல் வேண்டும். ‘கிடைத்தது’ என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். வராவிட்டால் போன் செய்யுங்கள்.

ஐந்தாவது, பெறும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். மற்றவர் அனுப்பியது கிடைத்தால் உடனே ஒரு வரி பதில் போடுங்கள். ‘பார்த்தேன், ஆனால் பார்க்காத மாதிரி இருந்தேன்’ என்ற சாமர்த்தியம் நாணயத்துக்கு அழகல்ல.

வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காகிதங்களை எந்த எண்ணில், எந்த முகவரியில் பெற்றுக் கொள்வோம், எவற்றுக்கு ஒப்புதல் கட்டாயம் என்று சொல்லும் மாதிரி வாசகம் ஒன்றை வக்கீலிடம் காட்டித் தயாரித்து, உறுப்பினர்கள் தங்கள் பில்லின் அடியில் அச்சிட்டுக் கொள்ளக் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு வக்கீல் இருக்கிறார். மளிகைக் கடைக்காரருக்குச் சங்கம்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் அனுப்பட்டும், நமக்கு நேரம் மிச்சமாகட்டும். மிச்சமான அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடத்தை எடுத்து, போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்குக் கொடுப்போம். கொடுக்கல் வாங்கலில் மனஸ்தாபம் குறைய இதைவிடச் சுலபமான வழி இல்லை.